வண்டிக்குத் தண்ணி காட்டியாச்சா?

போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். பையன் கோபியிலிருந்து தோட்டத்துக்குக் காரை ஓட்டிக்கிட்டு வந்தான். வீட்டு வாசலுக்கு ஒரு பர்லாங்கு இருக்கும்போதே வண்டி நின்னு போச்சு. போய்ப் பார்த்தேன். பானெட்டுக்குள்ளிருந்து தீய்ஞ்ச வாசம். சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"லைட்டு ஏதாச்சும் எரிஞ்சுதா கண்ணு?"

"செவப்பா ஒண்ணு எரிஞ்சுதுப்பா, எண்ணெய்க் கிண்ணம் மாதிரி. வண்டி நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. சரி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு வந்துட்டேன்."

எவ்வளவு தூரம்னு கேட்டேன். 14 கிலோமீட்டர்.

காலையில டார்ச் இல்லாமலே விஷயம் புரிஞ்சுது. முந்தின நாள் எங்க இட்டேறியில வரும்போது நடுவுல தலை நீட்டிக்கிட்டிருந்த கல்லு ஒண்ணு அடியில இடிச்சிருக்கு. ஆயில் சம்ப் விரிஞ்சிருக்கு. ராத்திரி நின்ன இடத்துல ஒரு கறுப்பு வட்டம், இட்டேறி நெடுகக் கறுப்புக் கோடு. காரே தன் கதையை எழுதி வெச்சிருந்துது. படிக்கத்தான் ஆளில்லை.

இன்ஜினை இறக்கிப் பிரிச்சு வேலை பார்த்ததுல 84,000 ரூபாய். லைட்டு எரிஞ்ச பிறகும் ஓட்டினதால வந்த சேதம்னு காப்பீட்டுக்காரங்களும் கையை விரிச்சுட்டாங்க. லைட்டு எரிஞ்ச இடத்திலேயே நிறுத்தியிருந்தா, வண்டியைக் கட்டி இழுக்கிற கூலியும் சம்ப் மாத்துற செலவும்தான். அந்த வருஷம் ஒரு ஏக்கரா மஞ்சள்ல மிஞ்சினதுல பெரும்பங்கு இப்படிப் போச்சு.

பையன் இன்ஜினியரிங் படிச்சவன். எனக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம். எங்க அப்பாரு எழுதப் படிக்கத் தெரியாதவர், எங்க அப்பா அஞ்சாவது. அவங்க கையில இருந்த எந்த வண்டியும் இப்படிச் சாகலை. எங்கே அறுந்துச்சு இந்தக் கயிறுன்னு யோசிச்சதுல எழுதினதுதான் இது.

வண்டி மை காலம்

எங்க அப்பாருகிட்ட இருந்தது கட்டை வண்டி. மரச் சக்கரம், இரும்புப் பட்டை, இரும்பு அச்சு. வண்டியோட கூடவே ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதுல வண்டி மை. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சு வீட்டிலேயே செய்யறது. மஞ்சள் மூட்டை ஏத்தி ஈரோட்டுச் சந்தைக்குப் போறதா இருந்தா, முந்தின நாள் சாயங்காலமே கடையாணியைக் கழட்டி, சக்கரத்தை அரையடி வெளியே இழுத்து, அச்சுல மை போட்டுத் திரும்ப மாட்டுவாரு.

மை காய்ஞ்சா சக்கரம் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டுக்கிட்டே ஒருத்தன் வண்டி ஓட்டினா ஊரே திட்டும். "மாடு வாயில்லாச் சீவன், சரி. சக்கரந்தான் வாய் விட்டுக் கத்துதே, உன் காது எங்கெடா போச்சு?"ன்னு கேட்பாங்க. கோடையில மரம் சுருங்கிப் பட்டை ஆட ஆரம்பிச்சா, வண்டியை வாய்க்கால்ல இறக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்துவாங்க. மரம் ஊறி உப்பினதும் பட்டை மறுபடி இறுகிக்கும்.

பாரம் எவ்வளவு ஏத்தலாங்கிறதும் அந்தக் காலத்து ஞானத்துல சேர்ந்ததுதான். மயில் இறகே ஆனாலும் அளவுக்கு மேல ஏத்தினா அச்சு முறியும்னு வள்ளுவர் சொல்லிட்டுப் போயிருக்கார். வண்டி ஓட்டினவங்க மத்தியில வாழ்ந்த ஆளுக்குத்தான் அப்படி ஒரு உவமை கைக்கு வரும்.

இதை எல்லாம் யாரும் பாடமா நடத்தலை. சக்கரத்தை இழுக்கும்போது எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு சின்னப் பையன் வேணும். பிடிச்ச பையனுக்குத் தெரிஞ்சு போச்சு. அவ்வளவுதான்.

கிளீனர் என்கிற பள்ளிக்கூடம்

நம்ம பக்கம் மோட்டார் வந்த கதையைப் பேசினா ஜி.டி. நாயுடுவை விட்டுட்டுப் பேச முடியாது. கோயமுத்தூருக்குப் பக்கத்துல கலங்கல் கிராமத்து விவசாயக் குடும்பம். 1893-ல் பிறந்தவர். சின்ன வயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிள்ல போறதைப் பார்த்து மயங்கி, அதை வாங்கறதுக்காகவே கோயமுத்தூர் ஓட்டல்ல சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கினதும் அவர் செஞ்ச முதல் வேலை ஊர் சுத்தினது இல்லை. மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டு, மறுபடி மாட்டினது. 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் பின்னாடி யு.எம்.எஸ். என்கிற பெரிய கம்பெனியா வளர்ந்துச்சு. பிரிச்சுப் பார்த்தவன்தான் ஓட்டணுங்கிறது அந்தத் தலைமுறையோட எண்ணம்.

அன்னைக்கு வண்டிகளுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங் செஞ்ச மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் கேடிலாக் காரோட வந்தாலும், நம்ம பஸ்ஸு, லாரி எல்லாம் அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தித்தான் கிளம்புச்சு. அந்த ஹேண்டிலைப் பிடிக்க ஒரு முறை உண்டு. கட்டை விரலை மத்த நாலு விரலோட ஒரே பக்கம் வெச்சுக்கணும். ஹேண்டிலைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சா, இன்ஜின் திருப்பி உதைக்கும்போது விரலோ மணிக்கட்டோ போயிரும். கிளீனர் பையன் கத்துக்கற முதல் பாடமே அதுதான்.

கிளீனர்னா துடைக்கிறவன்னு அர்த்தம். ஆனா அது ஒரு படிப்பு. தண்ணி ஊத்தணும், ஆயில் பார்க்கணும், டயரைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வெச்சே காத்து இருக்கான்னு சொல்லணும், பஞ்சர் ஒட்டணும், கிரீஸ் அடிக்கணும். இப்படிப் பல வருஷம் போன பிறகுதான் காலி வண்டியை ஷெட்டுக்குள்ள நகர்த்த ஸ்டியரிங் கைக்கு வரும்.

இரண்டாவது உலகப் போர்ல பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தப்ப, அந்தப் படிப்புக்கு ஒரு பரீட்சை வந்துச்சு. பஸ்ஸுக்கு மேலேயோ பின்னாடியோ ஒரு இரும்பு உருளையை மாட்டி, அதுல அடுப்புக்கரியைப் போட்டு, குறைஞ்ச காத்துல எரியவிட்டு, வர்ற வாயுவுல இன்ஜினை ஓட்டினாங்க. மதுரை டி.வி.எஸ். கம்பெனி இந்தக் கரி வாயு இயந்திரத்தைத் தானே தயாரிச்சு வித்துச்சு. சாதாரண வேலை இல்லைங்க அது. காலையில கரியை மூட்டி, கைவிசிறி சுத்தி, வாயு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். சாம்பலும் தூசியும் இன்ஜினுக்குள்ள போகாம வடிகட்டியைத் தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணணும். பெட்ரோல்ல ஓடுறதை விட இழுவை குறைவு. மேடு வந்தா ஜனங்க இறங்கித் தள்ளுவாங்கன்னு எங்க அப்பாரு சொல்லிச் சிரிப்பாரு. ஆனா வண்டி ஓடுச்சு. இன்ஜின் எதனால ஓடுதுன்னு ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சிருந்ததால ஓடுச்சு.

அம்பாசிடரும் எங்க அப்பாவும்

1981-ல் எங்க அப்பா ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினாரு. இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்போர்டுன்னு ஓடின காரை எடுத்து, 1950-களோட கடைசியில இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல செய்ய ஆரம்பிச்ச வண்டி. அதுல கெட்டுப் போகாத பாகம் இல்லை. ஆனா சரி பண்ண முடியாத பாகமும் இல்லை. ஸ்டார்ட் ஆகலையா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டை எமரிப் பேப்பர்ல ரெண்டு தேய் தேய். அதுக்கும் ஆகலையா, பிளக்கைக் கழட்டிக் கரியைச் சுரண்டு. பேட்டரி போச்சா, ஹேண்டிலைப் போடு.

காலையில எங்க அப்பா என்னைக் கேட்கிற முதல் கேள்வி, "எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா?" ரெண்டாவது கேள்வி, "வண்டிக்குத் தண்ணி காட்டியாச்சா?" அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரேடியேட்டர்ல தண்ணி, இன்ஜின்ல ஆயில், டயர்ல காத்து, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், ஃபேன் பெல்ட்டை விரலால அமுக்கிப் பார்க்கிறது. அஞ்சு வேலை. அஞ்சு நிமிஷம் ஆகாது.

தாளவாடியில எங்க சொந்தக்காரங்க உண்டு. திம்பம் மலை ஏறணும், 27 கொண்டை ஊசி வளைவு. எந்த டிரைவரா இருந்தாலும் அடிவாரத்துல பண்ணாரி அம்மன் கோயில் வாசல்ல வண்டியை நிறுத்தி, சூடம் பத்த வெச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டுத்தான் ஏறுவாங்க. சின்ன வயசுல அது வெறும் பக்தின்னு நினைச்சேன். பெரியவனான பிறகுதான் கவனிச்சேன். சூடம் காட்ட வண்டியை ஒரு சுத்து சுத்தி வருவாங்க. பழம் வைக்கக் குனிவாங்க. குனிஞ்சா டயர் தெரியும், அடியில எது சொட்டினாலும் தெரியும். இன்ஜினும் பத்து நிமிஷம் ஆறும். ரேடியேட்டருக்கு ஒரு குடம் தண்ணி ஊத்திட்டுத்தான் கிளம்புவாங்க. அம்மன் காப்பாத்தினா, அந்தப் பத்து நிமிஷமும் சேர்ந்து காப்பாத்துச்சு.

நாங்க எல்லாம் மேதைங்க இல்லை

இதுவரைக்கும் படிச்சவங்க 'அந்தக் காலம் மாதிரி வருமா'ன்னு சொல்ல வந்திருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. எங்க ஞானத்துல பாதி தப்பு.

என் வலது முழங்கையில ஒரு தழும்பு இருக்கு. 1986. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். அந்த மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சு, தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம வெச்சிருக்கும். நம்ம வீட்டுக் குக்கர் மாதிரிதான். திறந்த நொடியில அழுத்தம் போயி, மொத்தத் தண்ணியும் ஆவியாப் பொங்கும். குக்கர்ல வெயிட்டைத் தூக்காம மூடியைத் திறக்கக் கூடாதுன்னு என் அம்மாவுக்குத் தெரியும். மூடிக்கு மேல ஈரச்சாக்கு போட்டுத் திறக்கலாம்னு யாரோ சொன்னதை நம்பின எனக்குத் தெரியலை. அரை மணி நேரம் காத்திருக்கிறதுதான் ஒரே வழி.

அடுத்தது போர் தண்ணி. எங்க அப்பா ஊத்தின தண்ணி எல்லாம் உப்பு. பாத்திரத்துல வெள்ளையாப் படியுதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளேயும் படிஞ்சுது. ரெண்டு தடவை ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் பண்ணினோம். இன்னைக்கு ஊத்துற கூலண்ட்டுல இருக்கிற கிளைக்கால் கொதிநிலையை ஏத்தும். கூடச் சேர்க்கிற மருந்து துருவைத் தடுக்கும். அதைப் பார்த்து "எதுக்குடா இந்தப் பச்சைத் தண்ணிக்கு இவ்வளவு காசு?"ன்னு சிரிச்சவன் நான்தான்.

மூணாவது தப்புதான் உயிருக்கே வந்தது. திம்பத்துல இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு இறங்குவோம். ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான். ஒரு தடவை பதினஞ்சாவது வளைவோ என்னமோ, பிரேக் மிதிச்சா கால் பஞ்சுல போறாப்ல போச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கம் ஓரத்துல உரசி நிறுத்தினேன். வண்டிக்குள்ள என் சம்சாரமும், மடியில ஒரு வயசுப் பையனும். பின்னாடி வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தாரு. கை வைக்க முடியாத சூடு.

"நியூட்ரல்ல வந்தீங்களா?"

தலையாட்டினேன்.

"எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லதானுங்க இறங்கோணும். இன்ஜின் புடிக்கட்டும், பிரேக் சும்மா தொணைக்கு. எல்லாத்தையும் பிரேக்கு மேலயே போட்டா பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள குமிழி வந்துரும். அப்புறம் நீங்க மிதிக்கிறது காத்தைத்தான்."

திட்டாம சொன்னாரு. பேரு கூடக் கேட்காம விட்டுட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். இப்போ வர்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்ல கியர்லயே காலை எடுத்து இறங்கினா, கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திரும். நியூட்ரல்ல போட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்கப் பெட்ரோல் போகும். மிச்சம்னு நினைச்சது மிச்சமும் இல்லை.

பானெட் மூடின கதை

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. மூணு சிலிண்டர், 796 சிசி. காலையில சாவியைத் திருப்பினா கிளம்பும். ஊர்ல முதல் மாருதி வந்தப்ப எங்க அப்பா பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, "வேலையே வெக்க மாட்டேங்குதே"ன்னாரு. பாராட்டா, வருத்தமான்னு தெரியலை.

2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு வந்ததும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துச்சு. பாயின்ட் போச்சு. பேட்டரிக்கு மூடி போச்சு. கிரீஸ் அடிக்கிற நிப்பிள் போச்சு. டயருக்கு டியூப் போச்சு. ஆயில் மாத்துறது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு ஆச்சு. 2014-ல் மாருதி 800-ம் நின்னுச்சு, அம்பாசிடரும் நின்னுச்சு, ஒரே வருஷத்துல. வண்டி நல்லதாக ஆக, ஆளு அதைப் பார்க்கிறது குறைஞ்சுது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு நடுவுல பானெட்டைத் திறக்கவே கூடாதுன்னு யாரும் சொல்லலை, நாமளா நினைச்சுக்கிட்டோம்.

டிரைவிங் ஸ்கூலைக் குறை சொல்லலாம். 1989 மோட்டார் வாகன விதிகள்ல ஓட்டுநர் பள்ளிப் பாடத்திட்டத்துல வண்டியோட இயக்கமும் பழுதுபார்ப்பும் ஒரு பாடமாவே இருக்கு. என் பையனுக்கு அங்கே சொல்லிக் கொடுத்தது ரிவர்ஸ் எடுக்கிறதும், டெஸ்ட் அன்னைக்கு எங்கே திரும்பணுங்கிறதும்தான்.

ஆனா அவனுக்குப் பத்து வயசு இருக்கும்போது நடந்தது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. டிராக்டருக்கு அடியில படுத்து ஆயில் இறக்கிக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து குந்தி உட்கார்ந்து, "நான் பிடிக்கட்டுமாப்பா?"ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சட்டை அழுக்காயிரும், போய்ப் படி." அவன் போய்ப் படிச்சான். நல்லாப் படிச்சான். சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் பிடிக்கிற கையை நான்தான் தட்டி விட்டேன். நம்ம கஷ்டம் பிள்ளைக்கு வேண்டாம்னு நினைச்சதுல, நம்ம அறிவும் வேண்டாம்னு ஆகிப்போச்சு.

இப்போ எங்க வீட்டுல

இன்ஜின் வந்து மாட்டின அன்னைக்கு ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். டேஷ்போர்டுக்குள்ள கவர் பிரிக்காம இருந்த வண்டிப் புத்தகத்தை எடுத்து அவன் படிச்சான், நான் கேட்டேன். எனக்கும் புதுசா நிறைய இருந்துச்சு. சுருக்கமா எழுதறேன்.

சிவப்பு லைட்டுன்னா ஓரம் கட்டு, இன்ஜினை நிறுத்து. மஞ்சள்னா சீக்கிரம் காட்டு. எண்ணெய்க் கிண்ணம் சிவப்பா எரிஞ்சா, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்கிற எண்ணெய்ப் படலம் போகப் போகுதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு கிலோமீட்டர் கூடப் பேராசைதான்.

ஆயில் குச்சியை மாசத்துக்கு ரெண்டு தடவையாவது பார்க்கணும். சமதளத்துல நிறுத்தி, இன்ஜின் அணைச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சு. டயர் காத்து வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, குளிர்ந்திருக்கும்போது. அளவு டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கு. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும்: 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயலைன்னாலும் ரப்பருக்கும் வயசு உண்டு. பிரேக் ஆயில் காத்து ஈரத்தைக் குடிக்கும், அதனால கெடு வெச்சு மாத்தணும். திம்பத்துல என் கால் பஞ்சுல போனதுக்கு அந்த ஈரமும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு எனக்கு இப்பத்தான் தோணுச்சு.

போன வாரம் பையன் ஊருக்குக் கிளம்பினான். கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிக்குப் பின்னாடி வந்து, நின்ன இடத்துல மண்ணைக் குனிஞ்சு பார்த்தான். சொட்டு ஏதும் இல்லை. நான் திண்ணையில உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கிட்டே, "தண்ணி காட்டியாச்சா?"ன்னேன். "காட்டியாச்சுப்பா"ன்னு பானெட்டைத் தட்டிட்டுப் போனான்.

சாயங்காலமே கடப்பாரை எடுத்துக்கிட்டுப் போய் இட்டேறியில இருந்த அந்தக் கல்லைப் பேர்த்து வேலியோரம் போட்டுட்டேன். ஒரு மணி நேர வேலை. மூணு வருஷமா அதைத் தாண்டும்போதெல்லாம், எடுத்துப் போடணும் எடுத்துப் போடணும்னு நினைச்சுக்கிட்டே போனது நான்தான்.